பனி உருகிய வெள்ளமும் வான்போர்ட் நகரமும்

ஆடி மாதத்தில் காவிரியில் புதுப்புனல் வருவது மேற்கு மலைகளில் பெய்யும் மழையால் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். மழை ஓய்ந்தால் சில நாட்களில் ஆறும் தணியும். பனிமலைகளில் தோன்றும் ஆறுகளின் இயல்பு வேறு. அங்கே குளிர்காலத்தில் பெய்வது நீராக ஓடாமல், பனியாக மலைமேலேயே தங்கிவிடுகிறது. சங்கத்தில் இட்ட வைப்புத்தொகை போன்றது அது. வேனிலில் சிறுகச் சிறுக இறங்கினால் உழவருக்குப் பெருந்துணை. வைப்பாளர் அனைவரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பனியின்மேல் மழை பெய்தால் மழைநீரின் வெப்பமே அதனை உருக்கிவிடுகிறது என்று பலரும் கருதுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது சரியன்று. 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள மழை 10 மில்லிமீட்டர் பெய்தால், அதனால் உருகும் பனி ஒன்றேகால் மில்லிமீட்டர் நீருக்கே சமமாகும். மழையோடு வீசும் ஈரம் நிறைந்த வெப்பக்காற்றே பெரும்பாலும் பனியை உருக்குகிறது. காற்றிலுள்ள நீராவி பனியிற் பட்டு நீராகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் வெளிப்படும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி போதும். ஆகவே ஒரு கிராம் நீராவி ஏழு கிராமுக்கு மேற்பட்ட பனியைக் கரைக்க வல்லது. அடிமண் முன்னரே நீரால் நிறைந்தோ உறைந்தோ இருப்பின், இந்நீர் முழுவதும் ஆற்றையே சேரும்.

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1948-ஆம் ஆண்டு வந்த வெள்ளம் பனியும் மழையும் ஒருங்கே சேர்ந்ததால் விளைந்தது. அவ்வாண்டு மலைகளில் பனி மிகுதி. வேனிற்குளிர் நீடித்தமையால் உருகுதலும் தாமதப்பட்டது. மே மாதப் பிற்பகுதியில் வெப்பமும் பெருமழையும் சேர்ந்து வந்தன.

ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டை அடுத்து ஆற்றோரத் தாழ்நிலத்தில் வான்போர்ட் என்னும் நகரம் இருந்தது. கப்பல் கட்டும் தொழிலாளருக்காக 1942-இல் விரைவாக எழுப்பப்பட்ட மரவீடுகள், சுற்றிலும் மண்கரைகள். போர்க்காலத்தில் சுமார் 40,000 பேர் வாழ்ந்தனர். 1948-இல் ஏறத்தாழ 18,500 பேர் எஞ்சியிருந்தனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் போர்ட்லண்டில் வேறிடத்தில் வீடு கிடைப்பதே அரிதாயிருந்த கறுப்பினத்தவர். மேற்குப்புறக் கரையோ வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதன்று. இரயில் பாதைக்காக மண் கொட்டி உயர்த்திய மேடு.

மே 30, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குடியிருப்பு நிர்வாகத்தினர் வீடுதோறும் ஓர் அறிவிப்புத் தாளை வழங்கினர். கரைகள் பாதுகாப்பாயுள்ளன, தேவைப்படின் எச்சரிப்போம், வெளியேற அவகாசம் இருக்கும், பதற வேண்டாம் என்பது அதன் கருத்து. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் அந்த இரயில் மேடு உடைந்தது. நகரினுள் இருந்த சதுப்பு ஓடைகள் முதல் நீரை வாங்கிக்கொண்டதால் மக்கள் ஓடுவதற்கு அரைமணிக்குச் சற்று மேற்பட்ட நேரமே கிடைத்தது. வீடுகள் அடித்தளம் பெயர்ந்து மிதந்தன. 15 பேர் மாண்டனர். விடுமுறை நாளாதலால் பலர் வெளியூர் சென்றிருந்தது நல்வினையே. ஓர் எழுத்துறுதியை நம்பியவர்கள் தங்கள் உடைமைகளைக்கூட எடுத்து வைக்கவில்லை என்பதே நம் மனத்தை உறுத்துவது.

அவ்வாற்றில் பான்வில், கிராண்டு கூலி என்னும் பேரணைகள் அப்போதே இருந்தும், வெள்ளத்தைத் தேக்க இடம் போதவில்லை. 1961-இல் கையெழுத்தாகி 1964-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி கனடா மேலாற்றில் மூன்று அணைகளைக் கட்டியது. வெள்ளத் தடுப்பால் பெறும் நன்மைக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது. வான்போர்ட் மீண்டும் கட்டப்படவில்லை. அவ்விடத்தில் இன்று பூங்காவும் மோட்டார்ப் பந்தயத் திடலும் உள்ளன.