‘சிங்கை நேசன்’: மூன்றாண்டு இதழும் அதன் வரலாற்று இடமும்

முன்னுரை

மலேசியத் தமிழ் இதழியல் பற்றிப் பேசுங்கால், 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ முதலில் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே ‘நேசன்’ என்னும் பெயர் தாங்கிய ஓர் இதழ் இவ்வட்டாரத்தில் தோன்றி, மூன்றே ஆண்டுகளில் மறைந்தது. அதுவே சிங்கப்பூரில் வெளிவந்த ‘சிங்கை நேசன்’. அதன் வெளியீட்டு வரலாற்றையும், இன்றைய ஆய்வுக்கு அது தரும் பயனையும் இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

தோற்றமும் வெளியீடும்

1887 ஜூன் 27ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பொன்விழா சிங்கப்பூரில் கொண்டாடப்பட்டது. பாடாங் திடலில் ராபிள்ஸ் சிலை திறந்து வைக்கப்பட்டதும் அன்றேயாகும். அந்நாளிலேயே ‘சிங்கை நேசன்’ முதல் இதழ் வெளிவந்தது. சி. கு. மகுதூம் சாயபு அதன் ஆசிரியர். தீனோதய அச்சகத்தில் அச்சாகிய அவ்விதழ் வாரந்தோறும் வெளிவந்தது. 1870களில் தோன்றிய ‘சிங்கை வர்த்தமானி’, ‘தங்கை நேசன்’ ஆகியவற்றையும் சாயபுவே நடத்தினார் என்பர். எனவே ‘சிங்கை நேசன்’ பட்டறிவு மிக்க ஒருவரின் முயற்சி எனலாம். அது 1890 ஜூன் வரை வெளிவந்தது.

இலக்கியப் பங்களிப்பு

செய்தி இதழாயினும் ‘சிங்கை நேசன்’ கவிதைக்கும் கட்டுரைக்கும் வாசகர் கடிதங்களுக்கும் இடமளித்தது. 1888இல் சாயபு அதில் எழுதிய ‘விநோத சம்பாஷணை’ குறிப்பிடத்தக்கது. அதனை இவ்வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதையாகக் கொள்ளலாம் என ஆய்வாளர் நா. கோவிந்தசாமி முன்மொழிந்தார். உரையாடல் வடிவில் அமைந்த ஒன்றைச் சிறுகதை எனலாமா என்பது விவாதத்திற்குரியது. எனினும் வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளிவந்த 1915ஆம் ஆண்டோடு ஒப்பிடுங்கால், இவ்விவாதத்தின் கனம் விளங்கும். பழைய இதழ்கள் கிடைத்திராவிடில் இவ்வினாவே எழுந்திராது.

எல்லைகடந்த மரபு

சிங்கப்பூர் இதழொன்றைக் கோலாலம்பூரில் ஆராய்வதேன் என வினவலாம். 1887இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அக்கால எழுத்து இரு நாட்டார்க்கும் பொதுச் சொத்து. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் 1956இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டதே. 1969இல் அப்பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட இராம. சுப்பையாவின் ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலும் இரு நாட்டு வெளியீடுகளையும் ஒருங்கே தொகுத்தது.

முடிவுரை

‘சிங்கை நேசன்’ பக்கங்களை இன்று சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் எவரும் படிக்கலாம். ஓர் இதழ் எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதினும், அதன் படிகள் காக்கப்பட்டனவா என்பதே வரலாற்றில் அதன் இடத்தை முடிவு செய்கிறது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பழைய வீடுகள் இடிபடுந்தோறும் அலமாரித் தாள்கள் பழைய காகிதமாகவே விலைபோகின்றன. அவற்றுள் ஓரிரு ஆண்டே வாழ்ந்த சிற்றிதழ்களும் இருக்கலாம். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, கிடைக்கும் இதழ்களின் பெயர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றைக் குறித்து வைப்பாராயின், அதுவே நாளைய ஆய்வுக்கு முதற்சான்றாகும்.