அந்தச் சிரிப்பு உங்களுக்காகத்தானா? கொல்லிப்பாவையும் ஒருதலைக் காதலும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் கடந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் என்று சுற்றிவிட்டு, எட்டுக்கை அம்மனையும் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த அம்மன்தான் கொல்லிப்பாவை என்பது ஊர் நம்பிக்கை. கபிலரும் பரணரும் குறுந்தொகையில் பெண்ணின் அழகுக்கு உவமையாகச் சொன்ன பாவை. சிரித்தே ஆளை மயக்கி உயிரை எடுத்துவிடும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பாவை யாரையும் குறிவைத்துச் சிரிப்பதில்லை. 'நமக்காகத்தான்' என்று நம்பி நெருங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னவ் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இந்த மனநிலைக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்தார். அதற்குத் தீனி, பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமும். 'முடியாது' என்று தெளிவாகத் தெரிந்தால் மெள்ள அடங்கிவிடும். 'ஸ்டேட்டஸ் பார்த்தாளே, ஹார்ட் போட்டாளே' என்று துளித்துளியாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் அடங்கவே அடங்காது.

'மறக்க முடியலை' என்பது வெறும் நடிப்பும் இல்லை. காதலித்தவரால் கைவிடப்பட்ட 15 பேரின் மூளையை ஹெலன் ஃபிஷர் குழுவினர் ஸ்கேன் செய்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நபரின் போட்டோவைப் பார்த்ததும் தூண்டப்பட்ட பகுதிகளில், கோகைன் ஏக்கத்தோடு தொடர்புடையவையும் இருந்தன.

நம் ஊருக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லும் ஏழு திணைகளில் முதலில் நிற்பதே கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல். புறநானூற்றின் 83, 84, 85-ம் பாடல்களைப் பாடிய நக்கண்ணையார், மற்போர் வீரனான பெருநற்கிள்ளிமீது ஆசை வைத்தவர். வளையல் கழன்று விழுகிறது. வெளியே சொல்ல அம்மாவிடம் பயம், சபையில் வெட்கம். அவன் மோதும்போது பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். அவ்வளவுதான். அவனை அவர் தொந்தரவு செய்யவில்லை, பாட்டாக்கினார்.

ஆண்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. பனை மடலில் குதிரை செய்து, அதில் ஏறித் தெருவில் போவது. ஊரறிய அவமானப்பட்டாவது பெண்ணை அடையும் முயற்சி. 'துரத்தித் துரத்தி லவ் பண்ணா ஓகே சொல்லிடுவா' என்ற சினிமா ஃபார்முலாவுக்குத் தாத்தா இவர்தான்! இன்றைக்கு அப்படிப் பின்தொடர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறை.

மறுத்தவர் நிம்மதியாக இருப்பார் என்பதும் தப்புக்கணக்கு. ராய் பாமைஸ்டர் குழுவின் 1993 ஆய்வில், மறுத்தவர்கள் குற்ற உணர்விலும் எரிச்சலிலும் தவித்தது தெரிந்தது. எப்படி நோகாமல் மறுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சரி, வெளியே வருவது எப்படி? காதல் முறிவிலிருந்து மீள்வது பற்றி சாண்ட்ரா லாங்கஸ்லாக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. அந்த நபரின் குறைகளை நினைத்துப் பார்த்தவர்களுக்குக் காதல் குறைந்தது. ஆனால் மனசு கசந்தது. வேறு விஷயத்தில் கவனம் திருப்பியவர்களுக்கு மனசு லேசானது. காதல் அப்படியே இருந்தது. ஆக, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். அதற்கு முன் முதல் வேலை, அவருடைய ஸ்டேட்டஸை மியூட் செய்வது. பார்த்தால்தானே தீனி!

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.