வேடந்தாங்கலுக்குப் போறீங்களா? குரலைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அப்பா பேப்பரில் மூழ்கியிருக்கிறார். பையன் கையில் செல்போன். பெண் டி.வி. முன்னால். அம்மா வழக்கம்போல அடுப்படியில். பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த பல வீடுகளில் இதுதானே காட்சி? "நல்ல காத்து கிடைக்கும்"னு சொல்லித்தானே சிட்டியை விட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க! அந்தக் காத்தை என்றைக்காவது குடும்பத்தோடு போய் அனுபவிச்சிருக்கீங்களா?

வடக்கே கொஞ்ச தூரத்தில் வண்டலூர். 1855-ல் சென்னையில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, இடம் போதாமல் 1985-ல் இங்கே வந்தது. சுமார் 600 ஹெக்டேர்! நிழலில் அரை நாள் நடக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகும் காடு காடாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உங்களை முக்கியமாக அழைத்துப்போக நினைப்பது தெற்கே. ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால்... வேடந்தாங்கல்.

"சின்ன வயசுல ஸ்கூல் டூர் போயிட்டு வந்தாச்சே" என்கிறீர்களா? இப்போது பெரியவராகப் போய்ப் பாருங்கள். வெறும் 30 ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள். அந்த மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பறவைகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா... கரண்டி மாதிரி அலகு வைத்த கரண்டிவாயனைக் காட்டினால் குழந்தைகள் செல்போனைத் தானாகவே கீழே வைத்துவிடும்.

இதில் உடம்புக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். முதல் லாபம், பிள்ளைகளின் கண்ணுக்கு. பகல் வெளிச்சத்தில் வெளியே அதிக நேரம் கழிக்கிற குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. (அதற்காக வருஷத்துக்கு ஒரு ஞாயிறு போதாது. தினமும் வெளியே விடணும்!) பெரியவர்களுக்கு நடை. ஏரிக்கரை சமமாக இருப்பதால் மூட்டுவலிக்காரர்களும் மெதுவாக நடந்துவிடலாம். பார்வைக் கோபுரத்துப் படிகளை மட்டும் இளசுகளுக்கு விட்டுவிடுங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, "டிபனை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்"னு கிளம்பவே கிளம்பாதீர்கள். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரும். இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டப்பாவில்! தண்ணீரும் வீட்டிலிருந்தே. தொப்பி மறக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

சரி, இந்த ஏரி இன்னும் எப்படிப் பிழைத்திருக்கிறது? அதுதான் ருசியான கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, 1798-ல் "இங்கே பறவைகளைச் சுடக்கூடாது" என்று கவுல் வாங்கிவந்துவிட்டார்கள். நம்ம நாட்டில் வனவிலங்குச் சட்டம் வந்ததே 1972-ல்தான். யோசித்துப் பாருங்கள்!

வெறும் பாசம் மட்டுமா காரணம்? இல்லை, விவசாயக் கணக்கும்தான். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால், உரம் தனியாகப் போட வேண்டாம். பயிர் செழித்து வரும். பறவைக்கு மரம், மனுஷனுக்கு நெல். 1936-ல் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது எல்லாம் பிறகு வந்த பட்டங்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. புதுத்துணி போட்ட குழந்தையிடம் "வெடி வேண்டாம் கண்ணு" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்ப்பது லேசான காரியமா?

அவர்கள் தீபாவளியையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாம் போகிற இரண்டு மணி நேரத்துக்கு வாயைக் கட்டக்கூடாதா?

நாம் கத்தினால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரிவதில்லை. கைதட்டி, விசிலடித்து, "பறக்குது பாரு!" என்று குழந்தைக்குக் காட்டுகிற அப்பாக்களை அங்கே நிறையப் பார்க்கலாம். தாய்ப்பறவை மிரண்டு எழும்பினால், கூட்டில் முட்டை வெயிலில் காய்கிறது. பொடிக் குஞ்சு என்றால் இன்னும் ஆபத்து. பக்கத்து மரத்தில் காக்கா தயாராகக் காத்திருக்கும். ஒரு விசிலுக்கு ஒரு குஞ்சு போய்விடலாம். ஆகவே கார் ஹாரன், மொபைல் பாட்டு, எதுவும் வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளைத் தவிர்த்து மங்கலான நிறத்தில் உடுத்திப் போனால் பறவைகளும் மிரளாது.

இன்னொன்று. பறவைகள் ஏரியில் தங்குகின்றனவே தவிர, இரை தேடப் போவது பெரும்பாலும் சுற்றுப்பட்டு ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான். அதனால்தான் ஏரியைச் சுற்றி ஐந்து கி.மீ. வரை சரணாலய எல்லை. அதை மூன்று கி.மீ. ஆக்கலாம் என்று 2020-ல் ஒரு யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, விஷயம் கோர்ட் வரை போனது. உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது, கவனித்தீர்களா? பொத்தேரி, நந்திவரம், கொளவாய் என்று ரயில் பாதையை ஒட்டி இத்தனை ஏரிகள் இருப்பது கொக்குக்கும் நாரைக்கும் எவ்வளவு பெரிய உபகாரம்! நம்ம வீட்டுக் குப்பைப் பையும் சாக்கடையும் அதில் போய் விழாமல் இருந்தாலே அதுவும் சரணாலய வேலைதான்.

வண்டலூருக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மானுக்குச் சிப்ஸ் போடாதீர்கள். பாக்கெட்டோடு தின்றால் பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிவிடும். குரங்கு கையில் தின்பண்டம் தெரிகிற மாதிரி நடக்காதீர்கள். கடித்தோ பிறாண்டியோ விட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்காவுக்கு விடுமுறை. வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன்; விடிந்ததும் அல்லது சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் கிளம்புவதையும் திரும்புவதையும் பார்க்கலாம். மழை பொய்த்த வருஷத்தில் ஏரி வறண்டு கிடக்கும், பறவையும் வராது. தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.