கிருமி கட்டும் கல்!

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு வெள்ளைக்கல் புதிதல்ல. பேர்பெற்ற மாக்னசைட் சுரங்கங்கள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதனாலோ என்னவோ, "கிட்னியில கல்லு" என்று டாக்டர் சொன்னதும், "எல்லாம் நம்ம ஊர் தண்ணி பண்ற வேலைங்க" என்று பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிடத் தோன்றும்.

ஆனால் ஒரு வகைக் கல்லைக் கட்டுகிற கொத்தனார் யார் தெரியுமா? கிருமி!

சிறுநீரில் யூரியா என்ற கழிவு இருக்கிறது. புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீர்ப் பாதையில் குடியேறினால், 'யூரியேஸ்' என்ற நொதியால் அந்த யூரியாவை உடைக்கின்றன. அம்மோனியா உண்டாகி, சிறுநீர் காரத்தன்மைக்கு மாறுகிறது. அதுவரை கரைந்து கிடந்த மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்துடன் சேர்ந்து படிகமாக இறுகிவிடுகின்றன. இதுதான் 'ஸ்ட்ரூவைட்'. 1845-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மண்ணுக்கடியில் கண்டெடுத்துப் பெயர் சூட்டிய அதே கனிமம்! இதிலுள்ள மெக்னீசியம் நம் வெள்ளைக்கல் கரட்டிலிருந்து வந்ததல்ல. எல்லோருடைய சிறுநீரிலும் இருப்பதுதான்.

மற்ற கற்களைவிட இது வேகமாக வளரும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மான் கொம்பு போலக் கிளைவிட்டு, சிறுநீரகத்தையே அடைத்துக்கொள்ளும். பெரிதாக வலிக்காமலே சிறுநீரகம் கெட்டுப்போகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். காரணம், சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு அடிக்கடி வருவது.

"மாத்திரை சாப்பிட்டா போயிடாதா டாக்டர்?" என்பீர்கள். தொற்றுக்கு மருந்து அவசியம்தான். ஆனால் கிருமி கல்லுக்குள்ளேயே பதுங்கியிருப்பதால், மருந்து அங்கே சரியாக எட்டாது. கல்லை முழுசாக அகற்ற வேண்டும். பெரிய கல்லென்றால் முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு, உடைத்து எடுப்பார்கள். துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளரும்.

ஆகவே, சிறுநீர் எரிச்சல், கலங்கல், நாற்றம் அடிக்கடி வந்தால் "சூட்டுக்கு வந்திருக்கும்" என்று மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சிறுநீரை 'கல்ச்சர்' பரிசோதனைக்குக் கொடுங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் எடுப்பது பற்றிக் கேளுங்கள். குளிர் காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாழைத்தண்டுச் சாற்றை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களாகக் கேளுங்கள். கொத்தனாரை முதலிலேயே விரட்டிவிட்டால், கட்டடம் எழும்பாது!