வாசலில் நிற்பவர்களும் நம்மவர்களே
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



“எல்லாரையும் வரவேற்க வேண்டும் என்றால், விவிலியம் சொல்வதை விட்டுவிடலாமா, சாமி?” என்று சிலர் கேட்கிறார்கள். “சட்டத்தையே பேசிக்கொண்டிருந்தால் யார்தான் கோயிலுக்கு வருவார்கள்?” என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் வரவேற்பையும் போதனையையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் சிக்கல்.

யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வந்தவர்களை ஆண்டவர் முதலில் கலைந்துபோகச் செய்தார். அவளைத் தண்டிக்க மறுத்தார். அதன் பிறகே இனிப் பாவ வழி வேண்டாம் என்று அனுப்பினார். திருந்திய பிறகு என்னிடம் வா என்று அவர் சொல்லவில்லை. திருந்தவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆகவே, ஒருவரை வாசலில் நிறுத்தும் முன் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இவரைத் தடுப்பது ஆண்டவருடைய வார்த்தையா, நம்முடைய வழக்கமா?

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் அமர, நடுவே சுவர் இருந்தது. சுவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் ஒரே பலிபீடத்தை நோக்கித்தான் மண்டியிட்டார்கள். 1910-இல் கௌசானல் அடிகளாரின் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்தச் சுவரை எழுப்பியது வழக்கமே. விவிலியமோ அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. பகைமைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதுகிறார். ஆளைப் பார்த்து இருக்கை கொடுப்பதை யாக்கோபு கண்டிக்கிறார்.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாடு இன்னும் திரு அவைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. நம் போத்தனூர் ரயிலோடு வளர்ந்த ஊர். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே ஒரே கோயிலில் நிற்கிறோம். ஆனாலும், இன்னார் வீட்டில் அன்பியக் கூட்டம் என்றதும் போகலாமா வேண்டாமா என்று மனம் தயங்கினால், வடக்கன்குளத்துச் சுவர் நமக்குள் நிற்கிறது என்று பொருள்.

சரி, ஆண்டவரே சொன்ன போதனைகள்? திருமணம் பிரிக்க முடியாதது என்பது அவருடைய வார்த்தை. அதை மாற்றப் பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ அதிகாரம் இல்லை. திருத்தந்தைக்கும் இல்லை. ஆனால் அந்தப் போதனையின் பெயரால், அது சொல்லாததையும் நாம் சொல்லிவிடுகிறோம்.

நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றதனால் மட்டுமே யாருக்கும் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. மறுமணம் செய்து வாழ்வோரும் திரு அவையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைத் தெளிவாக எழுதினார்: அவர்கள் திருப்பலிக்கு வர வேண்டும், இறைவார்த்தையைக் கேட்க வேண்டும், பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்க்க வேண்டும். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது ‘அன்பின் மகிழ்வு’ மடலில், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே கேட்டறிந்து அவர்களுடன் நடக்கும்படி எங்களைப் போன்ற மேய்ப்பர்களைப் பணித்தார்.

முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததாக இருந்ததா என்பதை மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கும். இது கத்தோலிக்க விவாகரத்து அன்று. முன்பு இரண்டு தீர்ப்புகள் ஒத்துவர வேண்டும். 2015-இல் வந்த மாற்றத்துக்குப் பின் ஒரு தீர்ப்பே போதும். செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆகிவிடுவதில்லை.

பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்கள், வேறு தடை இல்லையென்றால், தயாரிப்புக்குப் பின் கோயிலில் மந்திரித்துக்கொள்ளலாம். துணைவர் பிற சமயத்தவர் என்றால் ஆயரிடம் விதிவிலக்கு கேட்க வழி உண்டு. “எங்க கல்யாணம் கோயில்ல நடக்கலையே, புள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பீங்களா?” என்று தயங்க வேண்டாம். பெற்றோரில் ஒருவராவது சம்மதித்து, பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருந்தால் கொடுக்கலாம். பெற்றோரின் நிலைக்காகப் பிள்ளையைத் தண்டிக்கத் திரு அவை சொல்லவில்லை.

இந்த வழிகள் எதுவும் போதனையை வளைக்கவில்லை. போதனையை முழுதும் தெரிந்துகொண்டால்தான் இவையும் தெரியவரும். அரைகுறையாகத் தெரிந்தவர்களே வாசலை அடைக்கிறார்கள்.

ஆகவே, “ஏன் நன்மை வாங்கவில்லை?” என்று அடுத்தவரைக் கேட்காதீர்கள். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. பின்வரிசையில் நின்று, பூசை முடியும் முன்பே போய்விடுகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அவருக்கு உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். அவர் விரும்பினால் பங்கு இல்லத்துக்கு அழைத்து வாருங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவது என் வேலை. அவர் தயங்காமல் உள்ளே வரச்செய்வது நம் எல்லாருடைய வேலை.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.