வரட்டி தட்டும் எரிமலை!

குட்டீஸ்... பாலவாக்கம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வருமே, அதேதான். அங்கே கடலைப் பார்த்தபடி நில்லுங்கள். மூக்குக்கு நேரே, லேசாகத் தெற்குப் பக்கம் சாய்ந்து, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் போக முடிந்தால், அந்தமானைத் தாண்டி ஒரு கறுப்புத் தீவு வரும். பாரன் தீவு! 'தரிசுத் தீவு' என்று அர்த்தம். இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை அதுதான்.

1991-ம் ஆண்டு, நூற்றைம்பது வருடத் தூக்கத்துக்குப் பின் இது கண் விழித்தது. அதிலிருந்து அவ்வப்போது குமுறுகிறது. 2017 ஜனவரி 23-ம் தேதி, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 'சிந்து சங்கல்ப்' என்ற கப்பலில், தீவுக்கு அருகே கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மலை புகைந்தது! கப்பலை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பகலில் வெறும் சாம்பல் மேகம்தான் தெரிந்தது. சூரியன் மறைந்த பிறகுதான் உச்சியிலிருந்து சிவப்பு நீரூற்று பீய்ச்சி அடிப்பது தெரிந்ததாம். அந்தக் கடற்பகுதியில் அவர்களுக்குக் கிடைத்தவை, அடுப்புக்கரி மாதிரி இருந்த கறுப்புத் துண்டுகள்!

எரிமலை என்றாலே நெருப்புக் குழம்பு ஆறாக ஓடுவதுதானே உங்கள் நினைவுக்கு வரும்? உண்மையில், அது வானத்தில் தூக்கி எறியும் சரக்குதான் அதிக சுவாரசியம். அந்தச் சரக்குக்கு டெஃப்ரா என்று பெயர். அதைப் பிரிக்க விஞ்ஞானிகளுக்கு வேண்டியது உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல்தான். 2 மில்லிமீட்டருக்குக் கீழே, அதாவது கடுகு அளவோ அதைவிடச் சின்னதோ என்றால், 'சாம்பல்'. 2 முதல் 64 மில்லிமீட்டர் வரை 'லாபில்லி'. லத்தீன் மொழியில் 'சின்னக் கற்கள்' என்று பொருள். அதற்கும் மேலே, கிட்டத்தட்ட நீங்கள் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து அளவில் தொடங்கி வீடு அளவு வரை போனால், அது கட்டி அல்லது குண்டு.

கட்டிக்கும் குண்டுக்கும் என்ன வித்தியாசம்? மலையின் தொண்டையில் ஏற்கெனவே இறுகிக் கிடந்த பழைய பாறை உடைந்து பறந்தால் கட்டி. கூர்மையான மூலைகளோடு இருக்கும். உருகிய குழம்பே உருண்டையாகப் பறந்தால் குண்டு. பறக்கும்போதே காற்று அதற்கு வடிவம் கொடுத்துவிடும். சுழன்றபடி வந்தால் இரண்டு முனையும் ஒடுங்கி, நூல் நூற்கும் கதிர் போல ஆகும். சிலவற்றில் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே வாயு இன்னும் பொங்கும். அப்போது மேலே வெடிப்பு விட்டு, பேக்கரி ரொட்டி மாதிரி இருக்கும். குழம்பு ரொம்பத் தண்ணியாக இருந்தால்? இளகியபடியே 'சொத்'தென்று தரையில் விழுந்து தட்டையாகும். இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'மாட்டுச் சாணக் குண்டு'! சிரிக்காதீர்கள், நிலவியல் புத்தகங்களிலேயே அப்படித்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டியிடம் கேட்டிருந்தால் 'வரட்டி' என்று சுலபமாகச் சொல்லியிருப்பார்.

கோலி சோடாவைக் குலுக்கித் திறந்தால் நுரை பொங்குமே, அந்த நுரை அப்படியே கல்லாகிப்போனால் எப்படி இருக்கும்? அதுதான் நுரைக்கல். குதிகாலைத் தேய்க்கக் கடைகளில் விற்பார்கள். உடம்பெல்லாம் காற்றுக் குமிழிகள் என்பதால் தண்ணீரில் மிதக்கும். 1883-ல் இந்தோனேஷியாவின் கிரகடோவா வெடித்தபோது, நுரைக்கற்கள் கூட்டம் கூட்டமாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின.

அடுத்த முறை பாலவாக்கத்தில் மிதக்கும் வெள்ளைக் கல் ஒன்று கையில் கிடைத்தால், உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். படகு வடிவில், நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் போலப் பொடி உதிர்ந்தால், அது கணவாயின் உள்ளோடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்பார்கள். நுரைக்கல் நகத்துக்கு மசியாது, சொரசொரவென்று கையைக் கீறும்.

சரி, இவற்றில் எது அதிக ஆபத்து? குண்டுதானே என்பீர்கள். குண்டு மலைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பது சாம்பல்தான்! இது விறகுச் சாம்பல் போல மெத்தென்று இருக்காது. பொடித்த கண்ணாடியும் பாறைத் தூளும் கலந்தது. தண்ணீரில் கரையாது. 1982 ஜூன் 24-ம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது. சாம்பல் இன்ஜின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின! உள்ளே 260 பேருக்கு மேல். விமானம் இறங்கிக்கொண்டே வந்து, சாம்பல் மேகத்துக்கு வெளியே வந்த பிறகுதான் இன்ஜின்கள் மறுபடி உயிர் பெற்றன. முன்கண்ணாடி உப்புத்தாள் தேய்த்தது போலக் கீறி, ஓடுபாதையே சரியாகத் தெரியவில்லை. அப்படியும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலைச் சாம்பல் வட இந்தியா வரை வந்ததும், நம் நாட்டிலும் சில விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

இதெல்லாம் சின்ன விஷயம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா என்ற ராட்சச எரிமலை வெடித்தது. அந்தப் பள்ளம் இன்று 100 கிலோமீட்டர் நீள ஏரி! அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து இந்தியாவில் கொட்டியது. பாலவாக்கத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில், ஆந்திராவின் கர்னூல் பகுதியில், ஜ்வாலாபுரம் என்ற கிராமத்தில் அதை இன்றும் பார்க்கலாம். (பெயரைப் பாருங்கள், ஜுவாலை!) மழை அடித்துக்கொண்டு வந்து சேர்த்ததில், சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைச் சாம்பல். பாத்திரம் தேய்க்கும் பொடிக்காக மக்கள் அதை வெட்டி எடுத்தார்கள்.

அங்கே ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா ஆகியோரின் குழு தோண்டியது. சாம்பலுக்குக் கீழே கல் கருவிகள். சாம்பலுக்கு மேலேயும் கல் கருவிகள், கிட்டத்தட்ட அதே மாதிரி! கருவி செய்த மனிதர்கள் அந்தச் சாம்பல் மழைக்குப் பிறகும் அங்கே தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்று 2007-ல் அவர்கள் எழுதினார்கள். 'அவ்வளவு பெரிய வெடிப்பில் எப்படித் தப்பியிருக்க முடியும்? பின்னால் வந்தவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. எலும்பு ஒன்று கிடைத்திருந்தால் வழக்கு தீர்ந்திருக்கும். அங்கே கிடைத்ததெல்லாம் கல்தான்.