லெப்டினன்ட் ஃபிளிப்பரின் பெட்டி

சென்ற வாரம் சார்ஜென்ட் கார்னியைப் பார்த்தோம். வாக்னர் கோட்டைத் தாக்குதலில் கொடியைக் கீழே விழவிடாமல் காத்த அவருக்குப் பதக்கம் கிடைக்க 37 ஆண்டுகள் ஆயின. ஹென்றி ஃபிளிப்பர் பதக்கம் எதுவும் கேட்கவில்லை. தன் பெயரில் ஒட்டிய கறையைத் துடைக்கச் சொன்னார். அதுவும் அவர் உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை.

1856இல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தாமஸ்வில்லில், அடிமையாகவே பிறந்தவர். 1877இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி வெளிவந்த முதல் கறுப்பினத்தவர். அங்கே இருந்த நான்கு ஆண்டுகளும் கடமைக்குத் தேவையானதைத் தவிர வெள்ளை மாணவர்கள் பெரும்பாலும் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. பிறகு பத்தாம் குதிரைப்படையில் அதிகாரியானார். சிப்பாய்கள் எல்லோரும் கறுப்பர்கள். அதிகாரிகளில் இவர் ஒருவர்தான் கறுப்பர்.

சில் கோட்டையைச் சுற்றித் தேங்கிக் கிடந்த நீரால் மலேரியா பரவியபோது, அதை வடியவைக்கும் கால்வாயை வெட்டியவர் ஃபிளிப்பர். அவர் பெயரைத் தாங்கிய அந்த வாய்க்கால் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம்.

அடுத்து டெக்சாஸில் டேவிஸ் கோட்டை. உணவுக் கிடங்கின் கணக்கு இவர் பொறுப்பு. புதிதாக வந்த கர்னல் ஷாஃப்டருக்கு இவரைப் பிடிக்கவில்லை. கிடங்குப் பணத்தை ஃபிளிப்பர் தன் அறையில் இருந்த பெட்டியில் வைத்திருந்தார். 1881இல் எண்ணிப் பார்த்தால் துண்டு விழுந்தது. பயந்துபோய் அதை மறைத்தார், மேலதிகாரியிடம் பொய்யும் சொன்னார். அதை நியாயப்படுத்த முடியாதுதான். ஆனால் ஊர்க்காரர்கள் சில நாட்களில் காசு திரட்டிக் குறைந்த தொகையைக் கட்டிவிட்டார்கள்!

ராணுவ நீதிமன்றம் கையாடல் குற்றம் இல்லை என்றது. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று பதவியைப் பறித்தது. கையாடலே நிரூபணமான வெள்ளை அதிகாரி ஒருவர் பதவி இழக்காமல் தப்பியிருந்தார். தண்டனையைக் குறைக்கலாம் என்ற ராணுவச் சட்டத் தலைமை அதிகாரியின் பரிந்துரையை ஜனாதிபதி ஆர்தர் ஏற்கவில்லை. 1882 ஜூன் 30 அன்று ஃபிளிப்பர் வெளியேற்றப்பட்டார்.

முடங்கிவிடவில்லை மனிதர். நில அளவை, சுரங்கப் பொறியியல், மெக்சிகோ நிலச் சட்டம், வெனிசுவேலா எண்ணெய் என்று சம்பாதித்தார். நடுவே, தன் பெயரில் ஒட்டிய கறையைத் துடைக்க 1898 முதல் நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதா. ஒன்றும் தேறவில்லை. 1940இல் அட்லாண்டாவில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் தம்பி ஜோசப் எழுதியது: ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி.

அரசு அதை ஒப்புக்கொள்ள மேலும் 36 ஆண்டுகள். ஜார்ஜியாவின் வெள்ளை ஆசிரியர் ரே மக்கால் கோப்புகளைத் தோண்டியெடுத்து, ஃபிளிப்பரின் உறவினர்களோடு சேர்ந்து ராணுவத்திடம் முறையிட்டார். தீர்ப்பை ரத்துசெய்யத் தனக்கு அதிகாரம் இல்லை என்ற ராணுவ வாரியம், தண்டனை மட்டுமீறியது என்று சொல்லி, 1976இல் பணிநீக்கத்தை கௌரவமான விடுவிப்பாக மாற்றியது. அடுத்த ஆண்டு வெஸ்ட் பாயின்ட்டில் மார்பளவுச் சிலை. 1978இல் எலும்புகள் தாமஸ்வில்லுக்குத் திரும்பின. 1999 பிப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். இறந்தவருக்கு அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் மன்னிப்பு அளித்தது அதுவே முதல்முறை.

அடுத்த வாரம்: 1866இல் ஆண் பெயரில் படையில் சேர்ந்த கேத்தி வில்லியம்ஸ்.